மரச்செப்பு

சாரற்காலத்தில் குற்றாலத்து அருவியில் நீராடி மீள்வோர் தம் சிறார்க்கு வாங்கிச் செல்லும் பொருள்களுள் மரச்செப்பும் ஒன்று. தென்காசியை அடுத்த குத்துக்கல்வலசை போன்ற ஊர்களின் திண்ணைகளில் சிறுமியர் சோறு சமைத்து விளையாடியது இச்செப்புகளைக் கொண்டே. செப்பு என்பது சிறு கலம். பேச்சு வழக்கில் அது சொப்பு ஆயிற்று. பானை, அடுப்பு, அம்மி, உரல், திருகை என அடுக்களை முழுதும் ஓர் ஓலைப்பெட்டிக்குள் அடங்கிவிடும்.

இதற்குப் பெயர்பெற்ற ஊர் அம்பாசமுத்திரம். முன்னாளில் மஞ்சட்கடம்பு மரத்தில் செப்புகளைக் கடைந்தனர். மரத்துண்டைக் கடைசற்பட்டறையில் பூட்டிச் சுழலவிட்டு, உளியால் உருவாக்குவர். பின்னர்ச் சுழலும் கலத்தின்மேல் வண்ண அரக்குக் கட்டியை அழுத்துவர். உராய்வில் எழும் சூட்டினாலேயே அரக்கு உருகி மரத்திற் படியும். வேறு நெருப்பு வேண்டா. தமிழ்நாட்டில் மர விளையாட்டுப் பொருள் புதிதன்று. தச்சன் செய்த சிறுதேரைச் சிறுவர் கையால் இழுத்து மகிழ்ந்த செய்தி குறுந்தொகையின் 61ஆம் பாட்டில் உள்ளது.

ஜப்பானின் வடகிழக்குப் பகுதியிலும் செப்புக்கு ஓர் உடன்பிறப்பு உண்டு. கொகேஷி என்னும் அம்மரப்பாவைக்குக் கையும் இல்லை, காலும் இல்லை. வெந்நீர் ஊற்றுகளில் நீராட வருவோர்க்கு விற்கவே 19ஆம் நூற்றாண்டில் கடைசற்காரர் அதனைச் செய்து வந்தனர். அருவியாயினும் ஊற்றாயினும், நீராடச் சென்றோர் வீட்டுக் குழந்தையை மறப்பதில்லை போலும்! 20ஆம் நூற்றாண்டில் பெரியோர் கொகேஷியைத் தொகுத்து வைக்கத் தலைப்பட்டனர். தொழில் பிழைத்தது, பாவையோ குழந்தையின் மடியை விட்டு அலமாரிக்குச் சென்றது.

மரச்செப்பையும் அவ்வாறே கண்ணாடிப் பேழையில் வைத்துக் காக்கலாம் என்பர் சிலர். அதனால் தொழிலாளர்க்குக் கூலி கிடைக்குமாயின் இகழ்தற்கில்லை. எனினும், செப்பு விளையாடுதற்கென்றே கடையப்பட்டது. மின்சார அரவைப் பொறிகள் வந்தபின் திருகையும் உரலும் பல வீடுகளினின்று நீங்கிவிட்டன. திருகைக்கு இரு கல், உரலுக்கு உலக்கை, அம்மிக்குக் குழவி என்பதை இன்றைய சிறுமி அறியச் செப்பே துணை. குழவி என்னும் சொல்லுக்குக் குழந்தை என்ற பொருளும் உண்டன்றோ! பிளாஸ்டிக் அடுக்களையில் எரிவாயு அடுப்பு இருக்கும், அதுவும் வேண்டுவதே. ஆனால் அதில் குழவி இராது. கையால் உருட்டாத பொருளின் பெயர் நாவில் நெடுநாள் நில்லாது.

ஆதலின், செப்பு வாங்குவோர் பெட்டியைப் பூட்டி வைத்தலாகாது. பாட்டியின் அருகே பிள்ளையை இருத்தி, அதனைத் தரையிற் கவிழ்த்துவிடுதல் வேண்டும். உலக்கை காணாமற்போகும், பானையின் மூடி கட்டிலடியில் உருண்டுவிடும். அடுத்த சாரலுக்கு மீண்டும் வாங்கலாம். கடைசற்காரர் விரும்புவதும் அதுவே.