ஊர் வழிக்கு அயற்பெயரா?

2017-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், வேலூர், கிருட்டிணகிரி மாவட்டங்களின் ஊடே செல்லும் நெடுஞ்சாலைகளில் நின்ற கற்களில் ஆங்கில எழுத்துகள் அழிக்கப்பட்டு இந்தி எழுத்துகள் ஏறின. தமிழ்நாடு கொதித்தெழுந்தது. கட்சித் தலைவர்கள் அறிக்கை விடுத்தனர். செய்தித்தாள்கள் கற்களின் படங்களை வெளியிட்டன. எழவேண்டிய எதிர்ப்பே அது. ஆயினும், கல்லில் ஏறிய இந்தியைக் கண்டு துடித்த அதே தமிழ்நாட்டில், அந்நெடுஞ்சாலையிலிருந்து கிளைத்து ஊருக்குள் நுழைகின்ற சாலை எந்த மொழியில் பதியப்பட்டிருக்கிறது என்று கேட்டவர் எத்துணைப் பேர்? தில்லி எழுதியது வெயிலில் நின்ற கல்லின்மேல். தமிழனே எழுதியிருப்பதோ, ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தின் பூட்டிய பேழைக்குள் கிடக்கும் ஏட்டில். முன்னது கண்ணிற் பட்டது, பின்னது படவில்லை. படாத கரணியத்தாலேயே அது முன்னதினும் கொடியது.

சாலைகளை வகைப்படுத்துவது எழுத்தர் ஒருவர் மேசையில் முடிந்துவிடும் சிறு வேலை அன்று. நாட்டு நெடுஞ்சாலை, மாநில நெடுஞ்சாலை, இருவகை மாவட்டச் சாலைகள், ஊராட்சி ஒன்றியச் சாலை, ஊராட்சிச் சாலை என்று அடுக்கு மேலிருந்து கீழிறங்குகின்றது. ஒரு வழி எந்த அடுக்கில் வைக்கப்படுகின்றதோ, அந்த அடுக்கே அதன் வாழ்வையும் சாவையும் முடிவு செய்கின்றது. மழையில் குழி விழுந்தால் எந்த அலுவலகத்தின் வாயிலில் நிற்பது, செப்பனிடும் பணம் எந்தக் கணக்கிலிருந்து வருவது, ஓரத்துப் புளியமரத்தின் பயன் எவர்க்குரியது, வேலியை நகர்த்தி வழியை விழுங்கியவனை எவர் கேட்பது என இத்தனைக்கும் விடை அந்த ஒரு சொல்லில்தான் அடங்கியிருக்கின்றது. 1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் தன் 110-ஆம் பிரிவில், நெடுஞ்சாலை என்றும் ஒன்றியச் சாலை என்றும் வகைப்படுத்தப்பட்டவை நீங்கலாக எஞ்சிய ஊர்ச்சாலைகள் அனைத்தையும் அமைத்துப் பேணும் கடமையை ஊராட்சியின் தலைமேல் ஏற்றுகின்றது. ‘எஞ்சியவை’ என்ற சொல்லை உன்னிக்க வேண்டும். பெரியவை பெயர் பெற்றுப் போய்விட்டன. பெயர் பெறாதவையெல்லாம் ஊருக்கு!

அச்சட்டமே ‘பொதுச்சாலை’ என்பதற்கு விரிந்த பொருளைத் தருகின்றது. தெரு, சந்து, வண்டித்தடம், நடைவழி என எதுவாயினும், பொதுமக்கள் செல்லும் உரிமையுடைய வழியாயின், அது மறுமுனையில் திறந்திருப்பினும் திறவாதிருப்பினும், பொதுச்சாலையே. வண்டித்தடத்தையும் ஒற்றையடித் தடத்தையும் சட்டம் மறக்கவில்லை. ஏடுதான் மறந்தது.

அந்த ஏட்டைப் புரட்டுக. ‘வி.ஆர்.’ என்றிருக்கும், அது ஊர்ச்சாலையாம். ‘ஓ.டி.ஆர்.’, ‘எம்.டி.ஆர்.’ என்றிருக்கும், அவை மாவட்டச் சாலைகளாம். தரையின் தன்மையைக் குறிக்குமிடத்தில் ‘பி.டி.’, ‘சி.சி.’, ‘டபிள்யூ.பி.எம்.’ என்று நிற்கும். இவற்றுள் கடைசியாக வந்தது வேறொன்றுமில்லை. சல்லியைப் பரப்பி, இடுக்குகளில் மண் தூவி, நீர் தெளித்து, உருளையால் இறுக்கிய சாலை. ஊரார் அதனைக் ‘கப்பிச் சாலை’ என்பர். இரண்டே சொற்களில் எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிக்கும் விளங்கும் ஒன்றை, மூன்று ஆங்கில எழுத்துகளாக்கி, படித்த பேரனுக்கும் விளங்காமற் செய்தவர் எவர்? வெள்ளைக்காரன் 1947-இலேயே போய்விட்டான்.

தமிழில் எழுதியதாகச் சொல்லிக்கொள்ளும் இடங்களிலோ வடமொழி வந்து அமர்ந்துகொள்கின்றது. ‘மாவட்ட முக்கிய சாலை’, ‘மாவட்ட இதர சாலை’ என்பவை அரசே வழங்கும் பெயர்கள். ‘முக்கிய’ என்பதும் ‘இதர’ என்பதும் தமிழல்ல; ஒற்று மிக வேண்டிய இடத்தில் ஒற்றும் இல்லை. மாவட்டப் பெருஞ்சாலை, மாவட்டக் கிளைச்சாலை என்று எழுதினால் எந்த வண்டி குடை சாய்ந்துவிடும்? பஞ்சாயத்து போய் ‘ஊராட்சி’ வந்ததே. வந்த நாளில் அதனை எள்ளி நகையாடியவர்கள் இருந்தார்களே. இன்று அச்சொல் இல்லாமல் ஊரில் ஒரு வேலையும் நடவாதே! ஊராட்சி என்று வாயிலில் எழுதிவிட்டு, உள்ளேயிருக்கும் ஏட்டை அயலானிடம் விட்டுவிட்டதுதான் கொடுமை.

வழிகளைப் பற்றிச் சொல்லத் தமிழுக்குச் சொல் பஞ்சமா? பரிசில் பெற்றவன் பெறாதவனுக்கு வழிகாட்டுவதையே ஓர் இலக்கிய வகையாக்கிப் பத்துப்பாட்டுள் ஐந்தை ஆற்றுப்படையாக வைத்த மொழி இது! ஆறு என்றாலே வழி. நெறி என்றால் வழி. சிறுவழி அதர், கிளைத்துப் பிரிவது கவலை, நாடுகளை இணைப்பது பெருவழி, கடைகள் நிறைந்தது ஆவணம், அகன்ற தெரு மறுகு. இவை நூலில் மட்டும் உறங்குவன என்று சொல்வார்க்கு, இன்றும் உயிரோடிருப்பவற்றைக் காட்டலாம். தென்பாண்டி நாட்டில் முடுக்கு உண்டு. யாழ்ப்பாணத்தில் ‘ஒழுங்கை’ உண்டு. அங்கே அது வெறும் பேச்சுச்சொல் அன்று, மடல்களின் முகவரியிலும் தெருப் பெயர்ப்பலகையிலும் நிமிர்ந்து நிற்கும் சொல். கொங்கு நாட்டில் இட்டேரி உண்டு. இருபுறமும் கிளுவையும் கள்ளியும் கொடிகளும் பின்னிய உயிர்வேலி, நடுவே மாடும் வண்டியும் மனிதனும் செல்லும் தடம், வேலிக்குள் கீரியும் காடையும் ஓணானும் குடியிருக்கும் ஓர் உலகம், அதுதான் இட்டேரி.

இந்த இட்டேரிக்குச் சாலைப் பதிவேட்டில் எந்தக் கட்டம்? கட்டமே இல்லை. ‘மண் சாலை’ என்று ஒரு கட்டத்துள் அதனை அடைப்பர், அல்லது விட்டுவிடுவர். மண்சாலை என்று எழுதினால் அது குறையுடைய சாலை, மேம்படுத்தப்பட வேண்டிய சாலை என்பது அலுவலக நோக்கு. எனவே பணம் வந்த ஆண்டில் இரும்புக்கை ஊர்தி வரும். வேலி இரண்டும் பெயர்த்தெறியப்படும். எழுதாமல் விட்டாலோ, இருபுறத்து நிலக்காரரும் ஆண்டுக்கு ஒரு சாண் உழுதுகொள்வர். பத்தாண்டில் தடம் வரப்பாகும். பின்னர் வரப்பும் இல்லை. இட்டேரி என்ற பெயருடனும் அதன் அகலத்துடனும் அது ஏட்டில் ஏறியிருந்தால், இரண்டையும் தடுக்க ஊராட்சிக்கு ஒரு பிடி இருந்திருக்கும். சொல் செத்தால் பொருளும் சாகும் என்பதற்கு அகரமுதலியில் சான்று தேட வேண்டியதில்லை. கொங்குச் சிற்றூர்களின் புறத்தே சென்று பார்த்தால் போதும்.

இதனினும் கொடியது சுடுகாட்டு வழி. சேரியிலிருந்து இறந்தோர் உடலைத் தூக்கிச் செல்ல வழியின்றி, நெல் நின்ற வயலின் வரப்பில் பாடையைச் சுமந்த செய்திகளைத் தமிழ்நாடு பன்முறை கண்டிருக்கின்றது. தலைமுறை தலைமுறையாக நடந்த தடம் என்று ஊரார் சொல்வர். ஏட்டில் இல்லை என்று அலுவலர் சொல்வார். என் பட்டா நிலம் என்று உரிமையாளர் சொல்வார். மூவரும் சொல்வது மெய்யே! மெய் மூன்றாகப் பிளந்த இடம் அந்த ஏடு. சேரியின் வழியை எழுத மறந்த அதே ஏடு, சேரிக்குச் செல்லும் சாலையைக் ‘காலனி ரோடு’ என்று மறவாமல் எழுதி வைத்தது. ‘காலனி’ என்னும் சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்பிரலில் சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. சாதிப் பெயர் தாங்கிய தெருக்களின் பெயரை மாற்ற அவ்வாண்டு அக்தோபரில் ஆணையும் பிறந்தது. வரவேற்க வேண்டியவையே. ஆனால் பெயரை மாற்றுவதோடு நின்றுவிட்டால், பழைய தெருவுக்குப் பூவின் பெயர் கிடைக்கும்; பாடைக்கு வழி கிடைக்காது. மாற்றுகின்ற கையோடு, ஏட்டில் ஏறாத வழிகளையும் ஏற்றுவதே முறை.

வருவாய்த் துறையின் ஏடுகளைப் பார்த்தாவது ஊராட்சி ஒன்றியங்கள் கற்றிருக்கலாம். அங்கே ‘அ’ பதிவேடு என்று தமிழின் முதலெழுத்தே ஏட்டின் பெயராயிற்று. அடங்கல் தமிழ், தீர்வை தமிழ், நத்தம் தமிழ். புறம்போக்கு என்ற சொல்லை வெள்ளையனே மொழிபெயர்க்க மாட்டாமல் தன் ஆங்கிலத்துக்குள் அப்படியே எடுத்துக்கொண்டான். சிட்டாவும் பட்டாவும் ஒட்டிக்கொண்டிருப்பது உண்மையே. அவற்றைக் களைவது வேறு வேலை. ஓர் உழவன் தன் நிலத்தைப் பற்றிய ஏட்டைத் தன் மொழியிற் படிக்க முடிகின்றது. தன் நிலத்துக்குச் செல்லும் சாலையைப் பற்றிய ஏட்டைப் படிக்க முடியவில்லை என்பதே இங்குக் கேள்வி.

எழுநூறு ஆண்டுகட்கு முன்னர் இந்நிலை இல்லை. தருமபுரிப் பகுதியில் கிடைத்த அதியமான் பெருவழிக் காதக்கல் ஒன்று, நாவற்றாவளம் என்னும் இடத்துக்கு 29 காதம் என்று தமிழில் அறிவிக்கின்றது. அத்தோடு நிற்கவில்லை. எழுத்தறியா வழிப்போக்கனும் அறியும்படி, இரண்டு பெருங்குழிகளும் ஒன்பது சிறுகுழிகளும் கல்லில் குடையப்பட்டுள்ளன. படிக்கத் தெரியாதவன் விரலால் தடவி அறிந்துகொள்ள வேண்டும் என்று கருதியவன் அன்றைய தமிழன்! படித்தவனும் அறிந்துகொள்ளக் கூடாது என்று கருதுவதுபோல் எழுதுகிறான் இன்றைய தமிழன். சோழர் காலத்து ஊர்களிலோ, நிலத்தின் இருப்பிடத்தையே இன்ன வதிக்குக் கிழக்கு, இன்ன வாய்க்காலுக்கு வடக்கு என்று, வழியையும் நீரையும் வைத்துத்தான் எழுதினர். வதிக்கும் வாய்க்காலுக்கும் தனித்தனிப் பெயர் இருந்தது. ஊரின் ஏட்டுக்கு வழியே முதுகெலும்பாக இருந்தது.

இப்போது வழிக்குப் பெயர் ‘எல்.23’. நடுவணரசு 2000-ஆம் ஆண்டு திசம்பரில் தொடங்கிய ஊரகச் சாலைத் திட்டத்தின் ஏற்பாடு இது. ஊடே செல்லும் வழிகளுக்கு ‘டி’, அவற்றோடு சிற்றூர்களை இணைக்கும் வழிகளுக்கு ‘எல்’. பின்னால் ஓர் எண். சாலை வந்தது நன்மையே. பேருந்து காணாத ஊர்கள் பேருந்து கண்டன. அதனை மறுப்பார் இல்லை. ஆனால் சாலையின் தலையில் ‘பிரதான் மந்திரி கிராம் சடக் யோசனா’ என்ற பெயரும் வந்து அமர்ந்தது. தமிழ்நாட்டின் சல்லியில், தமிழ்நாட்டுக் கூலியாள் போட்ட சாலைக்குச் ‘சடக்’ என்று பெயர்! 2017-இல் கல்லில் ஏறிய இந்திக்குக் கொதித்தவர்கள், அதற்குப் பதினாறு ஆண்டுகட்கு முன்னரே ஊருக்குள் நடந்து வந்துவிட்ட இந்திக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றனர்.

தில்லியை மட்டும் குறை சொல்லித் தப்பிக்க இடமில்லை. தமிழே ஆட்சிமொழி என்ற சட்டம் 1956-இல் வந்தது. 1967-க்குப் பின் தமிழின் பெயரைச் சொல்லியே ஆட்சிக்கட்டிலில் ஏறினர். சாலைப் பதிவேட்டைத் தமிழாக்கத் தில்லியின் இசைவு வேண்டியதில்லை. சட்டத் திருத்தம் வேண்டியதில்லை. ஊரக வளர்ச்சித் துறையின் ஒரு சுற்றறிக்கை போதும்.

பொறியியலுக்குத் தமிழ் ஒத்துவராது என்பர். 2010-ஆம் ஆண்டு முதல் அண்ணா பல்கலைக்கழகமே கட்டடவியலையும் எந்திரவியலையும் தமிழில் கற்பித்தது. தமிழில் கற்று வந்த இளைஞன் ஒன்றிய அலுவலகத்தில் அமர்ந்ததும், மதிப்பீட்டையும் அளவேட்டையும் ஆங்கிலத்தில் எழுதுமாறு ஆகின்றது. கற்காரை உண்டு, பைஞ்சுதை உண்டு, தாருக்குக் கீல் என்ற பழஞ்சொல்லும் உண்டு. ‘கீற்சாலை என்றால் ஊரார்க்கு விளங்குமா?’ என்று மடக்குவோர் உளர். ‘பி.டி.’ என்றால் மட்டும் விளங்கிவிடுகிறதோ? கீற்சாலை என்றெழுத வாய் கூசினால், தார்ச்சாலை என்றாவது எழுதட்டும். அது கடன்சொல்லே, எனினும் ஆடு மேய்ப்பவனுக்கும் தெரிந்த கடன்சொல்.

உண்மையில் ஆங்கிலத்தை அங்கே காத்து நிற்பது பொறியியல் அன்று. எத்தனை விரற்கடை கனத்துக்குச் சல்லி போட வேண்டும், எத்தனை மீட்டர் அகலம், எத்தனை மீட்டர் நீளம் என்பது தெளிந்த தமிழில் சாலையோரத்துப் பலகையில் எழுதப்பட்டால், ஊர்ச் சிறுவன் ஒரு நூலைக் கொண்டு வந்து அளந்துவிடுவான். அளப்பான் என்ற அச்சம் ஒப்பந்தக்காரர்க்கும் உண்டு. அவர்க்குத் துணை நிற்பார்க்கும் உண்டு. மறைப்பதற்கு வசதியான மொழி மக்கள் அறியாத மொழியே. கோயிற் கருவறையில் வடமொழி நிற்பதும், சாலை மதிப்பீட்டில் ஆங்கிலம் நிற்பதும் இந்த ஒரு வகையில் உடன்பிறப்புகள்.

ஆண்டுக்கு ஆறு முறை ஊரவை கூடுகின்றது: சனவரி 26, மார்ச்சு 22, மே 1, ஆகத்து 15, அக்தோபர் 2, நவம்பர் 1. இம்மடலைப் படிக்கும் அன்பர்கள், அடுத்து வரும் நாளில், சாலைப் பதிவேட்டை நடுவில் வைத்து வரிவரியாகத் தமிழில் படிக்குமாறு கேட்க வேண்டும். படிக்கும்போதே, ஏட்டில் இல்லாத தடம் ஒன்றை அறிந்த முதியவர் எவரேனும் எழுந்து அதன் பெயரைச் சொல்வார். அப்பெயரை அவர் சொன்னவாறே எழுதுக. எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது, எத்தனை அடி அகலம், எந்தெந்தப் புல எண்களின் ஊடே செல்கிறது என்று குறித்து, தீர்மானமாக்கி, வந்திருந்தோர் அனைவரும் கையொப்பமிடுக. ஒரு படி வட்டாட்சியர்க்கு. ஒரு படி வட்டார வளர்ச்சி அலுவலர்க்கு. ஒரு படி ஊரிலேயே இருக்கட்டும். விடை ஆங்கிலத்தில் வந்தால், 1956-ஆம் ஆண்டின் சட்டத்தைச் சுட்டி, உறையோடு திருப்பி அனுப்புக.