எஞ்சின் ஓடினால் அது பாய்மரப் படகு இல்லை!

காமர்ஸ் படிக்கிறவனுக்குக் கடல் விதிகளோடு என்ன வேலை என்று கேட்காதீர்கள். படித்தேன், பிடித்துப் போனது, எழுதுகிறேன். அவ்வளவுதான் :-)

கடலில் மோதலைத் தவிர்ப்பதற்கென்று 1972-ல் உருவாகி 1977-ல் அமலுக்கு வந்த சர்வதேச விதிகள் இருக்கின்றன. விசைப்படகும் பாய்மரப் படகும் எதிர்ப்பட்டால், பொதுவாக விசைப்படகுதான் விலகிப் போக வேண்டும். காற்றை நம்பி ஓடுகிறவருக்குக் கிடைக்கும் சலுகை இது. ஆனால் பாயை விரித்தபடியே எஞ்சினையும் போட்டு ஓட்டினால்? அந்த நிமிடமே விதிகளின் கண்ணில் அது விசைப்படகு. சலுகை போச்சு!

இதை மற்றவர்கள் எப்படித் தெரிந்துகொள்வது? இரவில், இடப்பக்கச் சிவப்பு, வலப்பக்கப் பச்சை, பின்பக்க வெள்ளை விளக்குகளோடு முன்னோக்கிய வெள்ளை விளக்கு ஒன்றும் மேலே எரிய வேண்டும். பகலில், முனை கீழே பார்த்த கூம்பு ஒன்றை முன்பக்கம் கட்ட வேண்டும்.

இந்தக் கூம்பைத்தான் பலர் அலட்சியம் செய்கிறார்கள். "சின்னப் படகுக்கு எதுக்குங்க அதெல்லாம்?" என்கிறார்கள். அமெரிக்காவின் உள்நாட்டு நீர்வழி விதிகளே 12 மீட்டருக்குக் குறைந்த படகுகளுக்கு விலக்கு தந்திருக்கின்றன. எனக்கு இதில் உடன்பாடில்லை.

ஏன் என்று சொல்கிறேன். எதிரும் புதிருமாக வரும் இரண்டு விசைப்படகுகளில் இரண்டுமே வலப்பக்கம் திரும்ப வேண்டும் என்பது விதி. இப்போது ஒன்று, பாயோடு எஞ்சினும் ஓடும் படகு, கூம்பு இல்லை. எதிரே வருகிறவர் பாயை மட்டும் பார்க்கிறார். "இவர் நேராகத்தான் போவார், நாம் ஒதுங்குவோம்" என்று இடப்பக்கம் திருப்புகிறார். பாய்க்காரரோ விதிப்படி தன் வலப்பக்கம் திருப்புகிறார். இரண்டு பேரும் ஒரே பக்கம்! இருவருமே தாங்கள் செய்தது சரி என்றுதான் நினைத்திருப்பார்கள்.

எங்கள் அக்கவுண்டன்சி பாடத்தில் 'சப்ஸ்டன்ஸ் ஓவர் ஃபார்ம்' என்று ஒன்று உண்டு. வெளித்தோற்றம் எப்படி இருந்தாலும், உண்மையில் நடப்பது என்னவோ அதைத்தான் கணக்கில் காட்ட வேண்டும். பாய் வெளித்தோற்றம். எஞ்சின்தான் உண்மை. அது ஓடுவது உள்ளே இருக்கிறவருக்கு மட்டுமே நிச்சயமாகத் தெரியும். அப்படியென்றால் சொல்ல வேண்டிய கடமையும் அவருடையதுதானே?

படகு சின்னதாக இருக்கலாம். அதில் இருக்கும் உயிர் சின்னது இல்லை.