பணி உண்டு, பணியிடம் இல்லை

வடலூர் நான்கு முனைச் சந்திப்பில் கடலூர் பேருந்துக்காக நின்றுகொண்டிருந்தோம். எங்கள் படிப்பு வட்டத்துக்கு வரும் தங்கை ஒருத்தி கைபேசியை நீட்டினாள். அரசு மருத்துவமனை வேலை அறிவிப்பு. செவிலியர், தொகுப்பூதியம் 18,000 ரூபாய், 11 மாத ஒப்பந்தம். கீழே நிபந்தனைகள்: முற்றிலும் தற்காலிகம், எக்காலத்திலும் நிரந்தரம் செய்யப்படமாட்டாது, இதற்குச் சம்மதம் என்று சேரும்போதே எழுதிக் கையெழுத்திட வேண்டும்.

"வேலையே இன்னும் கிடைக்கலக்கா. அதுக்குள்ள எதையும் கேக்க மாட்டேன்னு எழுதித் தரச் சொல்றாங்க" என்றாள். அவளுடைய அம்மா முந்திரிக்கொட்டை உடைக்கிறவர். கை முழுக்க முந்திரிப்பால் பட்ட கருப்பு. அந்தக் கைதான் மகளைச் செவிலியர் படிப்புக்கு அனுப்பியது. உதவித்தொகை போக மிச்சத்துக்கு வீட்டிலிருந்த ஒரே நகை அடகுக்குப் போனது.

தோழர்களே, அந்தச் சம்மதக் கடிதம்தான் இந்த நாட்டின் சுகாதாரப் பணியாளர் கொள்கை. டெல்லியில் அச்சடிக்கும் கொள்கை ஆவணங்கள் எல்லாம் அதற்கு எழுதப்பட்ட முன்னுரை.

நெய்வேலிக்குப் பக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு 'ஒப்பந்தம்' என்ற சொல்லை விளக்கத் தேவையில்லை. ஒரே அனல், ஒரே தூசி, ஆனால் இரண்டு வகை அடையாள அட்டை. 2020 ஜூலை 1 அன்று இரண்டாம் அனல்மின் நிலையத்தில் கொதிகலன் வெடித்தபோது அன்றைக்கே 6 பேர் இறந்தார்கள், பிறகும் எண்ணிக்கை கூடியது. செத்தவர்களில் ஒப்பந்தத் தொழிலாளர்களும் இருந்தார்கள். நெருப்பு அட்டையைப் பார்த்து எரிப்பதில்லை, சம்பளப் பட்டியல்தான் பார்க்கிறது. சுரங்கத்தில் நாம் பார்த்த இந்த ஏற்பாடுதான் மருத்துவமனைக்குள் 'சீர்திருத்தம்' என்ற பெயரில் வந்தது.

எப்படி வந்தது? 1946இல் போர் குழு, காசு இல்லை என்பதற்காக யாருக்கும் மருத்துவம் மறுக்கப்படக் கூடாது என்ற அடிப்படையில் அரசே நடத்தும் சேவையைத் திட்டமிட்டது. 1993இல் உலக வங்கியின் அறிக்கை வேறு பாடம் சொன்னது: அரசு அத்தியாவசியமான சிறு தொகுப்போடு நிறுத்திக்கொள்ளட்டும், மற்றதைத் தனியாரும் காப்பீடும் பார்த்துக்கொள்ளட்டும். 2005 ஏப்ரலில் தேசிய ஊரக சுகாதார இயக்கம் தொடங்கியது. பணம் வந்தது, அதை மறுக்கவில்லை. ஆரம்ப சுகாதார நிலையங்களில் இரவிலும் பிரசவம் பார்க்க ஆள் வந்தது. ஆனால் வந்த ஆள் ஒப்பந்தச் செவிலியர். தாய் இறப்பைக் குறைத்த மாநிலம் என்று தமிழ்நாடு மேடைதோறும் பெருமை பேசுகிறதே, அந்தப் பெருமையை இரவுப் பணியில் சுமந்தவர்களில் பலர் தொகுப்பூதியக்காரர்கள்.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது, மாணவத் தோழர்கள் நின்று கவனிக்க வேண்டும். பணியிடம் வேறு, பணி வேறு. பணியிடம் என்றால் அரசு ஒப்பளித்தது. ஊதிய விகிதம் உண்டு, பதவி உயர்வு உண்டு, இன சுழற்சி உண்டு. 69 சதவீதமும், அதில் பட்டியல் சாதியினரின் 18ம், பழங்குடியினரின் 1ம் போய் ஒட்டிக்கொள்வது அந்தப் பணியிடத்தின் மேல்தான். இயக்கத்தில் பணி மட்டும் இருக்கிறது, ஆண்டுதோறும் நிதி வந்தால் நீடிக்கும். இட ஒதுக்கீட்டை யாரும் ரத்து செய்ய வேண்டியதில்லை. அது ஏறி நிற்கும் பலகையை உருவினால் போதும். 2022 அக்டோபரில் அரசாணை 115 மூலம் மனிதவளச் சீர்திருத்தக் குழு அமைத்து, 'சி', 'டி' பிரிவுப் பணிகளை வெளிமுகமை வழியாக நிரப்பலாமா என்று ஆராயச் சொன்னார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் அந்த ஆய்வு வரம்புகளைக் கைவிட்டார்கள். சமூக நீதி ஆட்சி என்று சொல்லிக்கொள்ளும் அரசுதான் அதை எழுதியது என்பதை மறக்க வேண்டாம்.

2015இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட செவிலியர் பணிக்குத் தேர்வு நடத்தியது. மாதம் 7,700 ரூபாய், இரண்டு ஆண்டில் நிரந்தரம் என்ற வாக்குறுதி. இரண்டு ஆண்டு கழிந்தது. 2017 நவம்பரில் ஆயிரக்கணக்கானோர் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் வந்து உட்கார்ந்தார்கள். சம்பளம் உயர்ந்தது. நிரந்தரமோ, காலியிடம் வந்தால் பார்க்கலாம் என்று தவணை தவணையாக வந்தது. ஊசி போட நோயாளி இருக்கிறார், கட்டில் இருக்கிறது, காலியிடம் மட்டும் இல்லையாம். மகப்பேறு விடுப்புக்குக்கூட ஒப்பந்தச் செவிலியர்கள் உயர் நீதிமன்றம் ஏற வேண்டியிருந்தது. அண்ணல் அம்பேத்கர் வைசிராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தபோது சுரங்கப் பெண்களுக்கான மகப்பேறு உதவிச் சட்டத்தைத் திருத்தியவர். எண்பது ஆண்டு கழித்து, பிரசவம் பார்க்கும் பெண் தன் பிரசவ விடுப்புக்கு வழக்குப் போட வேண்டியிருந்தது.

கொரோனா காலத்தில் எடுத்த இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட செவிலியர்களை 2022 டிசம்பர் 31ஓடு வீட்டுக்கு அனுப்பினார்கள். முந்தைய ஆட்சியில் இட ஒதுக்கீட்டு விதிகளைப் பின்பற்றாமல் எடுத்தார்கள் என்பது அரசு தரப்பு சொன்ன காரணங்களில் ஒன்று. விதியை மீறியது அரசு, தண்டனை செவிலியருக்கு. நம் தலைவர்கள் போராடி வாங்கிய இட ஒதுக்கீட்டை உழைக்கும் பெண்ணை வெளியேற்றும் கோலாக எடுத்துக்கொண்டார்கள். அன்று நம்மில் எத்தனை பேர் அதைக் கண்டித்தோம்? நாங்களும் தாமதமாகத்தான் பேசினோம்.

செவிலியருக்குக் கீழே ஒரு படி இருக்கிறது. ரத்தம் துடைப்பவர், மலம் அள்ளுபவர், பிணவறையைக் கழுவுபவர். 'பல்நோக்கு மருத்துவமனைப் பணியாளர்' என்று அழகான பெயர் வைத்து, வேலையைத் தனியார் நிறுவனங்களிடம் கொடுத்திருக்கிறார்கள். அங்கே ஒதுக்கீடு இல்லை, சுழற்சிப் பட்டியல் இல்லை. ஆனால் எந்த மருத்துவமனைக்கும் போய் துடைப்பம் பிடித்திருப்பவரிடம் எந்த ஊர், எந்தத் தெரு என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் சேரித் தெருதான் வரும். மேலே ஏறும்போது மட்டும் விதி வேண்டும் நமக்கு. கீழே தள்ளுவதற்குச் சாதியே போதுமானதாக இருக்கிறது.

அப்புறம் 'தன்னார்வலர்' என்றொரு கண்டுபிடிப்பு. நாடு முழுவதும் ஆஷா பெண்களுக்குச் சம்பளம் கிடையாது, ஊக்கத்தொகை. இங்கே 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வீடாகச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்கும் பெண்களுக்குத் தொடக்கத்தில் மாதம் 4,500 ரூபாய். 2024இல் அந்தத் திட்டத்துக்கு ஐ.நா. விருது வந்தது. 

"நிரந்தரம் ஆக்கினா வேலையே செய்ய மாட்டாங்க" என்று நம் வீட்டுப் பெரியவர்களே சொல்கிறார்கள். அரசு மருத்துவமனையில் சிடுசிடுப்பையும் அலட்சியத்தையும் அதிகம் அனுபவித்தவர்கள் நாம், அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் மருந்து இல்லை என்றும் மருத்துவர் வரவில்லை என்றும் புகார் எழுத யாருக்குத் துணிச்சல் வரும்? பதினொன்றாவது மாதம் கையெழுத்துக்குக் காத்திருப்பவருக்கா? ஒப்பந்தத்தில் இருப்பவர் நோயாளியின் பக்கம் நின்று வாய் திறக்க முடியாது. நட்டம் நமக்குத்தான்.

பணம் இல்லை என்பார்கள். 2017 தேசிய சுகாதாரக் கொள்கை, 2025க்குள் அரசின் சுகாதாரச் செலவை மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2.5 சதவீதமாக்குவதாக எழுதியது. 2025 வந்தது, 2.5 வரவில்லை. சட்டம் இல்லை என்றும் சொல்ல முடியாது. தற்காலிக ஊழியருக்கும் சம வேலைக்குச் சம ஊதியம் என்று 2016லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நிரந்தரம் கேட்பவர்களை விரட்டப் பயன்பட்ட 2006ஆம் ஆண்டின் உமாதேவி தீர்ப்பைத் தவறாகப் பயன்படுத்தக் கூடாது என்று 2024 டிசம்பரில் அதே நீதிமன்றம் கண்டித்தது. 45 நாளும் அதற்கு மேலும் நீடிக்கும் தற்காலிக நியமனங்களில் இட ஒதுக்கீடு உண்டு என்று 2023இல் ஒன்றிய அரசே உச்ச நீதிமன்றத்தில் கூறியது. இந்த மூன்றையும் மனப்பாடம் செய்யுங்கள். வெளிமுகமை என்ற ஓட்டை வழியாக இவற்றிலிருந்து எப்படித் தப்பிக்கிறார்கள் என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

அந்தத் தங்கை விண்ணப்பித்துவிட்டாள். சம்மதக் கடிதம் எழுதாதே என்று நாங்கள் சொல்லவில்லை, சொல்ல எங்களுக்கு உரிமையும் இல்லை. அடகுக் கடை வட்டி எங்கள் கொள்கைக்காகக் காத்திருக்காது.

நாம் செய்ய வேண்டியது வேறு இருக்கிறது. உங்கள் மாவட்ட அரசு மருத்துவமனைகளுக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள். ஒப்பளிக்கப்பட்ட செவிலியர், ஆய்வக நுட்புநர், மருந்தாளுநர், துப்புரவுப் பணியிடங்கள் எத்தனை. நிரந்தரமாக நிரம்பியவை எத்தனை. ஒப்பந்தத்தில் எத்தனை பேர், எத்தனை ஆண்டாக. வெளிமுகமை வழியாக எத்தனை பேர், அரசு தலைக்கு எவ்வளவு கொடுக்கிறது, கையில் எவ்வளவு போகிறது. ஒவ்வொரு வகையிலும் பட்டியல் சாதியினர், அருந்ததியர், பழங்குடியினர் எத்தனை பேர். கட்டணம் பத்து ரூபாய். கடலூர் மாவட்டத்துக்கான மனுவை நாங்கள் எழுதிக்கொண்டிருக்கிறோம். மனு எழுதத் தெரியாதவர்கள் ஞாயிறு மாலை வடலூருக்கு வாருங்கள், சேர்ந்து எழுதுவோம்.

ஜெய்பீம்.