வாயிலிலே தடை, வயிற்றுக்கு விலை!

வானம் பார்த்த பூமி எங்கள் பரளச்சி. கண்மாய் வறண்ட காலத்திலும், களையெடுக்க வந்தவருக்குக் கம்மங்கூழின் அளவைக் குறைத்தறியாத மண்! அம்மண்ணின் மக்கள், சிறுகச் சேர்த்த பணத்தோடு சென்னைக் கேளிக்கைப் பூங்காவைக் காணச் செல்கின்றனர். வாயிலிலே பைச்சோதனை! கட்டுச்சோறு கூடாதாம்! குடும்பம் உள்ளே, தூக்குவாளி வெளியே!

உள்ளே நடப்பதென்ன? விலை ஏணியில் ஏறுகிறது. தட்டுச்சோறு சறுக்குமரத்தில் இறங்குகிறது! வேறு கடைக்கு வழியில்லாதவனிடம் வாங்கும் விலை, வாணிகமா? வழிப்பறியா?

"தனியார் இடம், எம் விருப்பம்" என்பர். 2023 சனவரியில் திரையரங்கு வழக்கிலே, வெளியுணவைத் தடுக்கும் உரிமை அரங்கினருக்கு உண்டென்றுதான் உச்சநீதிமன்றம் கூறிற்று. ஆனால் தூய குடிநீரை இலவசமாகத் தரவேண்டும் என்றும் உரைத்தது. உரிமைக்கும் எல்லையுண்டு என்பதன்றோ அதன் பொருள்?

பிசுக்கோத்துப் பொட்டலத்தில் எடையும் விலையும் அச்சிட வேண்டும் என்கின்றன 2011-ஆம் ஆண்டு விதிகள். தட்டுச் சோற்றுக்கு மட்டும் அளவு வேண்டாமா?

கட்டுச்சோற்றைத் தடுப்போர், நுழைவுச்சீட்டு விற்கும் இடத்திலேயே உணவின் எடையையும் விலையையும் எழுதி வைக்கட்டும்! அரசு அதற்கு ஆணையிடட்டும்!

இராட்டினம் சுற்றட்டும், தோழர்களே! ஏழையின் தலை சுற்ற வேண்டாம்!