மைதானம் யாருடையது?

திருப்பதி ஸ்ரீ வேங்கடேஸ்வரா பல்கலைக்கழகத்தின் தாரகராமா மைதானம் மாணவர்கள் ஓடவும் ஆடவும் அமைக்கப்பட்டது. ஆந்திர அரசியலில் அதன் பெயர் நிலைத்திருப்பதோ தேர்தல் கூட்டங்களால்தான். 2014 ஏப்ரல் 30 அன்று பா.ஜ.க.வின் பிரதமர் வேட்பாளராக அங்கே மேடையேறிய நரேந்திர மோடி, பிரிக்கப்படவிருந்த ஆந்திராவுக்குச் சிறப்பு அந்தஸ்து கிடைக்கும் என்று உறுதியளித்தார். அன்று அவருடைய கூட்டாளியாக இருந்தவர் சந்திரபாபு நாயுடு. நான்கு ஆண்டுகள் கழித்து, 2018இல் அதே ஏப்ரல் 30 அன்று, அதே மைதானத்தில் முதலமைச்சர் நாயுடு ‘தர்மப் போராட்டக்’ கூட்டம் நடத்தி, மோடி வாக்குத் தவறிவிட்டார் என்று முழங்கினார். 2019 பிப்ரவரி 22 அன்று ராகுல் காந்தி அங்கே வந்து, காங்கிரஸ் ஆட்சிக்கு வந்தால் அந்தச் சிறப்பு அந்தஸ்தைத் தருவதாகக் கூறினார்.

ஒரே மைதானம், ஒரே வாக்குறுதி, மூன்று தலைவர்கள். சிறப்பு அந்தஸ்து இன்றுவரை வரவில்லை. நாயுடுவும் மோடியும் 2024இல் மீண்டும் கைகோத்துக்கொண்டார்கள். இந்த நாடகத்தில் ஒரு செய்தி மட்டும் எந்த நாளேட்டிலும் இடம்பெறவில்லை. ஒவ்வொரு கூட்டத்திற்கும் பந்தல்கால் நட்டுக் குழி பறிக்கப்பட்ட, லாரிகள் ஏறி இறுகிப்போன அந்தத் தரையில் மறுபடியும் ஓடவும் பந்து வீசவும் மாணவர்கள் எத்தனை நாள் காத்திருந்தார்கள் என்பதே அது.

சித்தூரிலும் நிலைமை வேறல்ல. 2020 ஜனவரி 9 அன்று அன்றைய முதலமைச்சர் ஜெகன்மோகன் ரெட்டி ‘அம்ம ஒடி’ திட்டத்தைத் தொடங்கி வைத்தது அந்நகரின் பி.வி.கே.என். அரசுக் கல்லூரி மைதானத்தில். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் தாய்மாருக்குப் பண உதவி வழங்கும் அத்திட்டத்தின் நோக்கத்தைக் குறை கூறுவதற்கில்லை. ஆயினும் கல்விக்கான திட்டத்தைத் தொடங்கவும் ஒரு கல்லூரியின் விளையாட்டுத் திடலே தேவைப்பட்டது என்பது கவனிக்கத்தக்கது. ஆட்சியாளர் மாறினாலும், கட்சிக் கொடியின் நிறம் மாறினாலும், மைதானம் மேடைக்குரிய இடம் என்ற எண்ணம் மாறவில்லை.

திருப்பதி நகரவாசிக்கு இன்னொரு சுமையும் உண்டு. அவருடைய ஊரின் பொது இடங்கள் அரசியல் கட்சிகளுக்கு மட்டுமல்லாமல், தேவஸ்தானத்திற்கும் எப்போது வேண்டுமானாலும் தேவைப்படுகின்றன. வைகுண்ட ஏகாதசி காலத்தில் தரிசன டோக்கன் வழங்க இந்திரா மைதானமும் நகரின் பள்ளி வளாகங்களும் கவுன்டர்களாக மாற்றப்பட்டு வந்தன. 2025 ஜனவரி 8 இரவு அப்படிப்பட்ட ஓர் ஏற்பாடே பைராகிப்பட்டெடாவில் மரணக் களமாக மாறியது. பள்ளியை ஒட்டிய பூங்காவில் மணிக்கணக்கில் அடைத்து வைக்கப்பட்ட பக்தர்கள், கதவு திறக்கப்பட்டதும் ஒருவர்மேல் ஒருவர் விழ, ஆறு பேர் உயிரிழந்தனர். தமிழ்நாட்டிலிருந்து சென்றவர்களும் அவர்களில் இருந்தனர். பின்னர் நீதி விசாரணை அமைக்கப்பட்டது. அதிகாரிகள் சிலர்மீது நடவடிக்கையும் எடுக்கப்பட்டது. ஆனால் குழந்தைகள் விளையாடும் பூங்காவை ஆயிரக்கணக்கான மக்களை நிறுத்தி வைக்கும் பட்டியாக மாற்றும் முடிவை எடுப்பது யார், அந்த முடிவில் அப்பகுதி மக்களுக்கு என்ன பங்கு என்ற கேள்வி அத்துடன் முடிந்துவிடவில்லை.

இந்த நகரத்தின் கல்வி வரலாற்றில் தேவஸ்தானத்திற்குப் பெரும் பங்குண்டு என்பதை மறுக்க முடியாது. 1945இல் எஸ்.வி. கலைக் கல்லூரியையும், 1952இல் பத்மாவதி மகளிர் கல்லூரியையும் தொடங்கியது அதுவே. 1954இல் பல்கலைக்கழகம் உருவானதிலும் அதன் உதவி இருந்தது. ராயலசீமையின் வறண்ட கிராமங்களிலிருந்து வந்த விவசாயிகளின் பிள்ளைகள் முதல் தலைமுறைப் பட்டதாரிகளானதும் இங்கேதான். பக்தர்களின் காணிக்கை மக்கள் பணமே என்பதால் அது கல்விக்குச் செல்வதும் முறையே. ஆனால் அந்தப் பணத்தைச் செலவிடும் அறங்காவலர் குழுவை நகர மக்கள் தேர்ந்தெடுப்பதில்லை. மாநில அரசு நியமிக்கிறது. 2023 அக்டோபரில் தேவஸ்தான வரவு செலவில் ஒரு விழுக்காட்டை நகர வளர்ச்சிக்கு ஒதுக்குவதென அக்குழு தீர்மானித்தது. எதிர்ப்பு கிளம்பியதும் மாநில அரசே அதை ஏற்க மறுத்துவிட்டது. யாத்திரிகர் கூட்டத்தின் குப்பையையும் கழிவுநீரையும் போக்குவரத்து நெரிசலையும் சுமக்கும் நகரத்திற்கு, அதற்கான ஈடு சட்டப்படியான உரிமையாகக் கிடைக்க வேண்டும். யாரோ ஒரு தலைவரின் கருணையாக வருவது, அடுத்த தலைவரின் கோபத்தில் போய்விடும்.

அப்படியானால் நகரத்தின் சார்பில் பேச வேண்டியது மாமன்றம். அதன் கதை இதைவிடக் கசப்பானது. 1886இல் நகராட்சியான திருப்பதி 2007இல் மாநகராட்சியாக உயர்த்தப்பட்டது. உயர்த்தப்பட்ட பின் முதல் மாமன்றத் தேர்தல் நடந்தது 2021 மார்ச்சில். பதினான்கு ஆண்டுகள் அந்த நகரம் தேர்ந்தெடுக்கப்பட்ட மாமன்றமின்றி அதிகாரிகளால் ஆளப்பட்டது. அந்த இடைவெளியில், 2016இல், ‘ஸ்மார்ட் சிட்டி’ திட்டமும் வந்தது. அதன் பணத்தையும் பணிகளையும் கையாள்வது கம்பெனிச் சட்டப்படி பதிவு செய்யப்பட்ட ஒரு நிறுவனம். வரி கட்டும் குடிமகனுக்கு அந்த நிறுவனத்தின் வாசலில் வாக்குச்சீட்டு கிடையாது.

தேர்தல் வந்தபோதும் வாக்களிக்கும் வாய்ப்பு முழுமையாக வரவில்லை. சித்தூர் மாநகராட்சியின் 50 வட்டங்களில் 37இல் போட்டியே இல்லை. திருப்பதியில் வாக்குப்பதிவு நடந்த வட்டங்களிலும் எதிர்ப்பு பெயரளவில்தான் எஞ்சியது. 48 இடங்கள் ஒரே கட்சிக்குச் சென்றன. 2024இல் மாநில ஆட்சி மாறியதும் அதே உறுப்பினர்களில் பலர் அணி மாறினர். 2025 பிப்ரவரியில் துணை மேயர் தேர்தலின்போது உறுப்பினர்கள் சென்ற பேருந்து மறிக்கப்பட்டது. கடத்தல் புகார்கள் எழுந்தன. முதல் நாள் போதிய வருகையின்றி மறுநாளுக்குத் தள்ளப்பட்டது. அந்த வாக்கெடுப்பு எங்கே நடந்தது? ஸ்ரீ வேங்கடேஸ்வரா பல்கலைக்கழகத்தின் செனட் அரங்கில், போலீஸ் காவலில்.

இங்கே ஒரு பெரும் முரண் இருக்கிறது. நகரத்தின் துணை மேயரைத் தேர்ந்தெடுக்கும் வாக்கெடுப்பு நடந்த அந்த வளாகத்தில், மாணவர்கள் தங்கள் பேரவையைத் தேர்ந்தெடுக்க முடியாது. ஒன்றுபட்ட ஆந்திராவில் 1980களின் இறுதியிலேயே மாணவர் பேரவைத் தேர்தல்கள் நிறுத்தப்பட்டன. லிங்டோ குழுவின் பரிந்துரைகளை ஏற்று 2006 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் மாணவர் தேர்தல்களுக்கான வழிமுறையை வகுத்தது. அதன் பின்னும் மாநிலத்தை ஆண்ட எந்தக் கட்சியும் அந்தத் தேர்தல்களை மீட்டுத் தரவில்லை. அவ்வாறு ஆண்டவர்களில் முதன்மையானவரான சந்திரபாபு நாயுடு இதே பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் பயின்று, மாணவர் அரசியலின் வழியாகப் பொதுவாழ்வுக்கு வந்து, 1978இல் சந்திரகிரியிலிருந்து சட்டமன்றம் சென்றவர். தாம் ஏறி வந்த ஏணியைப் பின்வருவோருக்கு எடுத்துவிடுவது ஆளும் வர்க்க அரசியலின் பழைய வழக்கம்.

மாணவர் பேரவைக்கும் விளையாட்டுக்கும் என்ன தொடர்பு என்று சிலர் கேட்கலாம். தொடர்பு நேரடியானது. ஒரு கல்லூரியில் மாணவர்களிடம் வாங்கும் விளையாட்டுக் கட்டணம் எங்கே செலவாகிறது, உடற்கல்வி இயக்குநர் பணியிடம் ஏன் காலியாக இருக்கிறது, மாணவிகள் மாலையில் பயிற்சி செய்ய விளக்கும் உடைமாற்றும் அறையும் ஏன் இல்லை, பயிற்சி நாளில் மைதானத்தைக் கூட்டத்திற்கு ஒப்படைத்தது யார் என்று கேட்கும் இடம் அதுவே. தேர்ந்தெடுக்கப்பட்ட விளையாட்டுச் செயலாளர் ஒருவர் இருந்தால், மைதானத்தைத் தருமாறு அமைச்சரின் அலுவலகம் தொலைபேசியில் கேட்கும்போது துணைவேந்தரின் மேசைமீது ஓர் எதிர்ப்பு மனுவாவது இருக்கும். இன்று அங்கே எதுவும் இல்லை.

மைதானம் பறிபோவதால் இழப்பு எல்லோருக்கும் சமமாக விழுவதில்லை. வசதியுள்ள வீட்டுப் பிள்ளை மணிக்கு இவ்வளவு என்று பணம் கட்டித் தனியார் திடலில் ஆடுகிறான். துப்புரவுத் தொழிலாளியின் மகளுக்கும், மாமரத் தோட்டத்தில் கூலிக்குப் போகும் குடும்பத்துப் பையனுக்கும் கல்லூரி மைதானத்தை விட்டால் தெருதான். இன்றைய திருப்பதி மாவட்டத்தின் ஒரு சிற்றூரிலிருந்து இந்திய மகளிர் ஹாக்கி அணியின் கோல்காப்பாளராக உயர்ந்த ரஜனி எதிமரப்புவைப் போன்றோர், அரசுப் பள்ளிகளும் பொது மைதானங்களும் இருப்பதால் வருகிறவர்கள். அவர்கள் வென்று திரும்பியதும் மனையும் ரொக்கமும் அறிவிக்க அரசுகள் போட்டியிடுகின்றன. அடுத்த ரஜனி ஆட வேண்டிய திடலைக் காப்பதற்கு அந்தப் போட்டி இல்லை.

இன்னொரு பக்கம் கல்வி வணிகம் நிற்கிறது. நுழைவுத் தேர்வுக்கு மாணவர்களைப் பிழிந்தெடுக்கும் கார்ப்பரேட் ஜூனியர் கல்லூரிகள் பல, அடுக்குமாடிக் கட்டடங்களில் மைதானமே இன்றி நடக்கின்றன. அப்படிப்பட்ட கல்வி வணிகத்தில் மாநிலத்தின் மிகப் பெரிய குழுமங்களில் ஒன்றின் நிறுவனரான பி. நாராயணாவே 2014 முதல் 2019 வரையிலும், 2024 முதல் மீண்டும், மாநில நகராட்சித் துறை அமைச்சர். இதில் தனிமனிதரைக் காட்டிலும் வர்க்கமே முக்கியம்: கல்லூரியை வணிகமாக நடத்தும் வர்க்கமும் நகரத்தை நிர்வகிக்கும் வர்க்கமும் ஒன்றாகிவிட்டன. மைதானம் அவர்கள் கணக்கில் வருமானம் தராத காலிமனை. முந்தைய ஆட்சியோ தேர்தலுக்குச் சில மாதங்கள் முன்பு, 2023 டிசம்பரில் ‘ஆடுதாம் ஆந்திரா’ என்ற பெருவிழாவைத் தொடங்கி மாநிலமெங்கும் போட்டிகள் நடத்தியது. போட்டிகள் முடிந்தன; ஆட்சியும் போயிற்று; செலவு பற்றிய முறைகேட்டுப் புகார்கள் எஞ்சின. சமன்படுத்தப்பட்ட ஒரு திடல், நிரந்தரமான ஒரு பயிற்சியாளர் என்ற அளவில் மாணவனுக்கு எஞ்சியது என்ன என்பதே கேட்க வேண்டிய கணக்கு.

மைதானங்களில் அரசியல் கூட்டமே கூடாது என்று சொல்வது இதற்கு விடையாகாது. உழைக்கும் மக்கள் கூடிப் பேச இடம் வேண்டும். அந்த உரிமைக்காக அதிகம் போராடியவர்கள் இடதுசாரிகளே. 2022 டிசம்பர் 28இல் கந்துகூரில் எட்டுப் பேரும், 2023 ஜனவரி முதல் நாளில் குண்டூரில் மூவரும் தெலுங்கு தேசம் கட்சி நிகழ்ச்சிகளின் நெரிசலில் இறந்தனர். அதைக் காரணம் காட்டி, சாலைகளில் கூட்டங்களுக்குத் தடை விதிக்கும் அரசாணை எண் 1ஐ ஜெகன் அரசு மறுநாளே கொண்டுவந்தது. அதை எதிர்த்து உயர் நீதிமன்றம் சென்றவர் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் மாநிலச் செயலாளர் கே. ராமகிருஷ்ணா. 2023 மே மாதம் நீதிமன்றம் அந்த அரசாணையை ரத்து செய்தது. வீதியில் கூடுவதற்கான உரிமையும் திடலில் ஆடுவதற்கான உரிமையும் ஒன்றையொன்று விழுங்க வேண்டியதில்லை. பொதுக்கூட்டத்திற்கென்று தனி இடத்தை ஒவ்வொரு நகரமும், எல்லாக் கட்சிகளுக்கும் ஒரே விதியில், ஒரே கட்டணத்தில் ஒதுக்க வேண்டும். ஆளும் கட்சிக்குப் பல்கலைக்கழக மைதானம், எதிர்க்கட்சிக்கு போலீஸ் மறுப்பு என்ற நிலை அப்போதுதான் ஒழியும்.

தேர்ந்தெடுக்கப்பட்ட மாமன்றமும், அதற்குள் வாய் திறந்து பேசும் சிலரும், வெளியே விழிப்புள்ள மக்களும் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்குச் சென்னை அண்மைச் சான்று. 2024 அக்டோபர் இறுதியில் சென்னை மாநகராட்சி ஒன்பது கால்பந்துத் திடல்களைத் தனியாரிடம் ஒப்படைத்துக் கட்டணம் வசூலிக்கும் தீர்மானத்தை நிறைவேற்றியது. இடதுசாரிகளும் விளையாட்டு ஆர்வலர்களும் எதிர்த்தனர். சில நாள்களிலேயே தீர்மானம் திரும்பப் பெறப்பட்டது. வடசென்னைச் சிறுவர்கள் தொடர்ந்து கட்டணமின்றி ஆட முடிகிறது.

சித்தூர், திருப்பதி மாவட்டங்களின் கட்சித் தோழர்களுக்கும், எல்லைக்கு இப்பால் வேலூரிலும் திருவள்ளூரிலும் பணிபுரியும் தோழர்களுக்கும் இதில் செய்ய வேண்டிய வேலை உண்டு. 1960இல் திருத்தணி தமிழ்நாட்டுடன் சேர்ந்தபோது எல்லைக்கோடு வரையப்பட்டது. ஆனால் சித்தூரின் தமிழ் பேசும் தொழிலாளியும் தெலுங்கு பேசும் தொழிலாளியும் ஒரே தெருவில் வாழ்கிறார்கள், அவர்கள் பிள்ளைகள் ஒரே திடலில் கபடி ஆடுகிறார்கள். ஒவ்வொரு நகரிலும் கல்லூரி, பள்ளி, நகராட்சித் திடல்களின் பட்டியலை வட்டவாரியாகத் தயாரித்து, அளவும் உடைமையும் இன்றைய நிலையும் குறித்து மக்கள்முன் வைக்க வேண்டும். கூட்டத்திற்கு மைதானம் தரப்பட்டால், குறித்த நாளுக்குள் பழைய நிலையில் திருப்பித் தரும் வைப்புத்தொகையை எந்தக் கட்சியானாலும் கட்ட வேண்டும் என்ற விதியைக் கோர வேண்டும். மாநகராட்சி வரவு செலவில் விளையாட்டுக்கென்று தனித் தலைப்பையும், மாணவர் பேரவைத் தேர்தலையும் ஒரே கோரிக்கைப் பட்டியலில் வைத்து மாணவர், இளைஞர், மாதர் அமைப்புகள் சேர்ந்து இயக்கம் நடத்த வேண்டும்.

அடுத்த மாமன்றத் தேர்தலில் வாக்குக் கேட்டு வரும் ஒவ்வொரு வேட்பாளரிடமும் நகரவாசி ஒரு கேள்வியைக் கேட்கட்டும்: இந்த வட்டத்தில் பிள்ளைகள் ஆடும் திடல் எது, அது அடுத்த ஆண்டும் அவர்களிடம் இருக்குமா?