திரும்பிப் போகிற பைலட்டைத் திட்டாதீர்!

நல்ல மழை. விமானம் ஊருக்கு மேலே 2 வட்டம் அடிக்கிறது. பிறகு இறங்காமலே வேறு ஊருக்குப் போய்விடுகிறது. பயணிகள் கொதிக்கிறார்கள். “காசு வாங்கினான் இல்லே, இறக்கி விட வேண்டியதுதானே?” என்று பைலட்டை ஏசுகிறார்கள். இது நியாயமா?

எர்ணாவூர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். எண்ணூர் விரைவு சாலையில் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறவரைக் கேளுங்கள். ஈர ரோட்டில் பிரேக் போட்டதும் வண்டி நிற்குமா? விமானமும் அப்படித்தான். பாதையின் தொடக்கத்திலேயே தரை தொட்டால் பிழைத்தோம். பாதி தாண்டித் தொட்டால், பின்னால் காற்றும் தள்ளினால், அதோ கதிதான்.

21 பேர் பலி

2020 ஆகஸ்டு 7. கோழிக்கோட்டில் அடைமழை. துபாயில் இருந்து வந்த விமானத்தால் முதல் தடவை இறங்க முடியவில்லை. அடுத்த தடவை, பின்காற்றோடு, பாதையின் நடுவில் போய்த் தரை தொட்டது. மேட்டில் இருந்து சரிந்து உடைந்தது. பைலட்டுகள் இருவர் உள்பட 21 பேர் மாண்டனர். 2010 மே 22-ல் மங்களூரிலும் இதே கதை. 158 பேர் பலி. “மறுபடி மேலே கிளம்புவோம்” என்று துணை பைலட் சொல்லியும் கேப்டன் கேட்கவில்லை என்பது விசாரணையில் தெரிந்தது.

சின்ன விமானம் என்றால்?

அவை பெரிய விமானங்கள். சின்ன விமானம் இறங்கும் பாதை இன்னும் குட்டை. நேபாளத்தின் லுக்லாவில் 527 மீட்டர்தான். ஒரு பக்கம் பள்ளம், மறு பக்கம் மலை. 2008 அக்டோபரில் மூடுபனியில் 18 பேர் செத்தார்கள். சிம்லாவில் பாதை சுமார் 1,230 மீட்டர். 2025 மார்ச்சில் அங்கே இறங்கிய சின்ன விமானம், அவசர பிரேக் போட்டுப் பாதையின் கடைசியில்தான் நின்றது.

நம் தூத்துக்குடியில் பல வருடம் 1,350 மீட்டர் பாதைதான். இப்போது 3,115 மீட்டராக நீட்டியிருக்கிறார்கள். பாராட்டலாம்.

என்ன செய்ய வேண்டும்?

சிறு ஊர்களுக்கும் விமானம் வரட்டும். ஆனால் ரிப்பன் வெட்டும் முன்பு பாதையின் முடிவைப் பாருங்கள். அங்கே 240 மீட்டர் காலி இடம் விடச் சொல்கிறது சர்வதேச சிபாரிசு. இடம் இல்லாத ஊரில் மழை, காற்று விதிகளைக் கறாராக்க வேண்டும். திரும்பிப் போன பைலட்டிடம் ‘ஏன் பெட்ரோலை வீணாக்கினாய்?’ என்று எந்தக் கம்பெனியும் கேட்கக் கூடாது.

பயணிகளும் யோசிக்க வேண்டும். வீட்டுக்கு 4 மணி நேரம் தாமதமாகப் போகலாம். போகாமலே இருந்துவிடக் கூடாது!