பிரான்சு குளிரும் ஹீட்டர் கணக்கும்

தீபாவளி முடிந்த கையோடு பிள்ளைகளைப் பார்க்கப் பிரான்சுக்குக் கிளம்புகிறவர்கள் நம் புதுச்சேரியில் இப்போதும் நிறையப் பேர். மகளின் பேறுகாலம், பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்று ஏதாவது ஒரு காரணம். போகிற நேரம் மட்டும் எப்படியோ குளிர்காலமாக அமைந்துவிடும். திரும்பி வந்தவர்களிடம் பேசினால் ஒரே புலம்பல். பிள்ளை காலையில் "ஹீட்டரைப் போட்டுக்குங்கப்பா" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போவான். அவன் படி இறங்கும் சத்தம் ஓய்ந்ததும் அப்பா எழுந்து போய் அதை அணைத்துவிடுவார். மாலைவரை சால்வையும் குரங்குக் குல்லாவும்தான். கேட்டால், "பாவம், பில் அவன் தலையில்தானே விழும்" என்பார்.

இந்தச் சிக்கனத்தை நான் ஒப்புக்கொள்வதில்லை. எவ்வளவு மிச்சம் என்று கணக்குப் போட்டுப் பார்க்காமல் செய்கிற சிக்கனம் இது. வாழ்நாளெல்லாம் சர்க்கார் பேரேட்டில் கூட்டல் கழித்தல் போட்டவன் என்பதால் எனக்கு இது உறுத்துகிறது.

கணக்கு சுலபம். 2025இல் அங்கே அரசு நிர்ணயித்த மின்சார விலை, வரி சேர்த்து, யூனிட்டுக்கு ஏறக்குறைய 20 சந்தீம். 1500 வாட் ஹீட்டர் ஒரு மணி நேரம் நிற்காமல் ஓடினால் ஒன்றரை யூனிட், அதாவது 30 சந்தீம். எட்டு மணி நேரத்துக்கு 2 யூரோ 40 சந்தீம். மாதம் முழுக்க அப்படியே ஓடினால் 72 யூரோ. நம் ரூபாயில் பெருக்கிப் பார்த்தால் மயக்கம் வரும்தான். ஆனால் நல்ல தெர்மோஸ்டாட் உள்ள ஹீட்டர் நிற்காமல் ஓடாது. அறை சூடானதும் தானே அணைந்து, குளிர்ந்ததும் மறுபடி எரியும். பாதி நேரம் ஓடுகிறது என்று வைத்தால் நாளுக்கு 1 யூரோ 20 சந்தீம். அங்கே பொது மருத்துவரை ஒருமுறை பார்க்க 30 யூரோ. அந்தப் பணத்தில் அதே ஹீட்டரை நூறு மணி நேரம் முழு வேகத்தில் ஓட்டலாம். விசாவுக்காக நாம் எடுத்துப்போகிற காப்பீடு பழைய பிரஷருக்கும் நெஞ்சுவலிக்கும் பெரும்பாலும் கைகொடுக்காது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். குளிரில் ரத்தக் குழாய்கள் சுருங்கும், பிரஷர் ஏறும். வீட்டுக்குள் 18 டிகிரிக்குக் குறையக்கூடாது, வயதானவர்களுக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே வேண்டியிருக்கும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கருத்து.

அடுத்தது, எந்த ஹீட்டர் மலிவு என்கிற சண்டை. எண்ணெய் நிரப்பிய 'பேன் துய்ல்' தான் சிக்கனம் என்று நம்மவர்கள் சத்தியம் செய்வார்கள். சூடான காற்றை ஊதும் 'சூஃப்லான்' கரண்டைக் குடிக்கும் என்பார்கள். பெட்டியின் மேல் பிரெஞ்சில் எதை வேண்டுமானாலும் பெரிதாக அச்சடிக்கட்டும், அடியில் சின்ன எழுத்தில் எத்தனை வாட் என்று இருக்கிறதே, அதை மட்டும் படியுங்கள். கம்பி சூடாகி வெப்பம் தருகிற எல்லா ஹீட்டரும், வாங்கிய ஒரு யூனிட்டுக்கு ஒரு யூனிட் வெப்பம்தான் தரும். ஒரு லிட்டர் பாலைத் தூக்கில் வாங்கினாலும் சொம்பில் வாங்கினாலும் ஒரு லிட்டர்தான். எண்ணெய் ஹீட்டர் அணைத்த பிறகும் சூடாக இருக்கிறதே என்பார்கள். அது முன்னாலேயே காசு கொடுத்த சூடு. முதல் அரைமணி நேரம் கையைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோமே, அப்போது உள்ளே போனது.

இன்டர்நெட்டில் கைக்கு அடக்கமாக ஒன்று விற்கிறார்கள், பிளக்கிலேயே மாட்டுவது. 400 வாட்டில் வீடு முழுக்கச் சூடாகும், பில் பாதியாகும் என்று விளம்பரம். 400 வாட் கொடுத்தால் 400 வாட் சூடு, அவ்வளவுதான். வயதானவர்களைக் குறிவைத்து இப்படி விற்பதை நான் மோசடி என்றே சொல்வேன்.

ஆக, வித்தியாசம் ஹீட்டரில் இல்லை, வேலையில்தான். குளியலறைக்கு சூஃப்லான் சரி. 2000 வாட்டில் பத்து நிமிஷம் ஓடினால் ஏழு சந்தீம். நாள் முழுக்க உட்காரும் அறைக்கு, சத்தம் இல்லாத எண்ணெய் ஹீட்டர். ஒரே நாற்காலியில் உட்கார்ந்து டிவி பார்க்கிறவருக்கு, ஆள்மேல் நேரே சூடு வீசும் இன்ஃப்ராரெட் போதும். அறையை விட்டுவிட்டு ஆளைச் சூடாக்குவதுதான் உண்மையான சிக்கனம். மெத்தைமேல் விரிக்கும் மின்சார விரிப்பு 100 வாட்டுக்குள்தான். இரவு எட்டு மணி நேரம் போட்டாலும் 16 சந்தீம் தாண்டாது. 'புயோத்' என்கிற ரப்பர் வெந்நீர்ப் பைக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் சுடவைக்க மூன்று சந்தீம். கொதிக்கக் கொதிக்க ஊற்றாதீர்கள். சர்க்கரை நோயால் பாதம் மரத்தவர்களுக்கு இந்த இரண்டுமே வேண்டாம், சுட்டாலும் தெரியாது.

ஒரு யூனிட்டுக்கு ஏறக்குறைய மூன்று யூனிட் வெப்பம் தருகிற சாதனமும் உண்டு. வெளிக்காற்றின் சூட்டை உள்ளே இழுத்துவருகிற, சுவரில் மாட்டும் 'ரெவெர்சிபில்' ஏ.சி. ஆனால் வாடகை வீட்டில் உரிமையாளர் சம்மதிக்க வேண்டும். மூன்று மாதம் தங்கப் போகிறவர்களுக்கு அந்தப் பேச்சே வேண்டாம்.

பிள்ளைகளிடம் கேட்க வேண்டியவை சில. வீட்டு மின் இணைப்பு எத்தனை கே.வி.ஏ.? ஆறு என்றால் 2000 வாட் ஹீட்டர் இரண்டும் சமையல் அவனும் சேர்ந்து ஓடினால் மெயின் விழுந்துவிடும். 'எர் க்ரேஸ்' உண்டா? இருந்தால் நாளில் எட்டு மணி நேரம் மலிவு விலை, எண்ணெய் ஹீட்டரை அப்போது ஓட்டலாம். கட்டடத்துக்கே பொதுவான 'ஷோஃபாழ் கொலெக்தீஃப்' இருந்தால் சூட்டுக்கான காசு மாதச் செலவில் ஏற்கெனவே போய்க்கொண்டிருக்கிறது. அந்த ரதியாத்தேரை மூடிவைத்துவிட்டுத் தனி ஹீட்டர் வாங்குவது இரட்டைச் செலவு.

அங்கேயே குடியிருக்கும் நம் சொல்தா குடும்பத்துப் பெரியவர்களுக்கு ஒரு தகவல். வருமானம் குறைவாக இருந்தால் வருஷத்துக்கு 48 முதல் 277 யூரோ வரை 'ஷெக் எனெர்ழி' கிடைக்கும். நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை, பில் பாக்கி இருந்தாலும் மின்சாரத்தை அடியோடு துண்டிக்கக் கூடாது என்பது சட்டம். இதெல்லாம் தெரியாமல் கோட்டு போட்டுக்கொண்டு தூங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

ஹீட்டர்மேல் ஈர லுங்கியைக் காயப்போடாதீர்கள். எக்ஸ்டென்ஷன் பலகையில் செருகாமல் நேரே சுவர் பிளக்கில் செருகுங்கள். திரைச்சீலையிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி இருக்கட்டும். போனதும் சின்ன தெர்மாமீட்டர் ஒன்று வாங்கித் தரச்சொல்லி, நீங்கள் உட்காரும் நாற்காலிக்குப் பக்கத்தில் வையுங்கள். பிள்ளை வேலைக்குப் போனபின் அதைப் பார்த்து, 19க்குக் கீழே இறங்கினால் எழுந்து போய் ஹீட்டரைப் போடுங்கள்.